ரத்தம் கொடுத்தது கிராமம். பதில் யாருக்கு வந்தது?

புதுச்சேரிக்கு இந்தியாவில் இரண்டாவது இடம் கிடைத்திருக்கிறது!

பெருமைப்படுவதற்கான இடம் அல்ல. சர்க்கரை வியாதி அதிகம் உள்ள பகுதிகளின் வரிசையில் கிடைத்த இடம்.

2023-ம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு வெளியாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சி நிபுணர்கள் அதை நடத்தினார்கள். 2008 முதல் 2020 வரை, மாநிலம் மாநிலமாக, வீடு வீடாகச் சென்று சோதித்தார்கள். மொத்தம் 1,13,043 பேர் சோதிக்கப்பட்டார்கள். அவர்களில் 79,506 பேர் கிராமவாசிகள்.

முடிவு என்ன?

இந்தியா முழுவதும் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 11 பேருக்குச் சர்க்கரை வியாதி. கோவாவில் 100-க்கு 26.4 பேர். புதுச்சேரியில் 26.3 பேர். கேரளத்தில் 25.5 பேர்.

அதாவது, புதுவையில் வயது வந்த நான்கு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் அவர்களில் ஒருவருக்குச் சர்க்கரை!

இது நகரமும் கிராமமும் சேர்ந்த கணக்கு. "பட்டணத்துப் பணக்காரர்களின் வியாதி, நமக்கு ஏன் வரப்போகிறது?" என்று வில்லியனூரிலும் பாகூரிலும் இனி யாரும் சும்மா இருக்க முடியாது.

விரலை நீட்டியவர்கள் சாதாரண ஜனங்கள். அவர்கள் கொடுத்த ரத்தத்தில் பிறந்த உண்மை இது. ஆனால் அது முதலில் அச்சானது எங்கே? இங்கிலாந்தின் புகழ்பெற்ற மருத்துவ இதழில், ஆங்கிலத்தில்!

விரலை நீட்டியவருக்கு அந்தப் பதில் வந்து சேர்ந்ததா? அதுதான் கேள்வி.

ஓயாத இயந்திரம்

சர்க்கரைக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம்? அதையும் ஆராய்ச்சிதான் கண்டுபிடித்துச் சொன்னது.

வயலில் ஓடும் பம்புசெட்டுக்கு ராத்திரியில் ஓய்வு உண்டு. இருதயத்துக்கு ஓய்வே இல்லை. ஒரு நாளில் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. 7,000 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது.

இவ்வளவு வேலைக்கும் எரிபொருள் வேண்டாமா?

வேண்டும். இருதயம் பலவகை எரிபொருளை ஏற்கும். தனக்கு வேண்டிய சக்தியில் பாதிக்கு மேல் கொழுப்பிலிருந்து எடுத்துக் கொள்கிறது. மீதியைச் சர்க்கரை முதலிய மற்றப் பொருள்களிலிருந்து பெறுகிறது. எது கிடைக்கிறதோ அதை எரித்து வேலை செய்யும் கெட்டிக்கார இயந்திரம் அது!

சர்க்கரை வியாதி வந்துவிட்டால் இந்தக் கெட்டிக்காரத்தனம் குறைகிறது. ரத்தத்தில் சர்க்கரை நிறைய இருந்தும் அது தசைக்குள் சரியாகப் போவதில்லை. இருதயம் கொழுப்பையே மேலும் நம்ப வேண்டியதாகிறது. கொழுப்பை எரிக்கப் பிராணவாயு அதிகம் தேவை. ரத்தக் குழாயும் அடைத்துக் கொண்டால் அந்தப் பிராணவாயு எங்கிருந்து வரும்? இயந்திரம் திணறுகிறது.

2004-ம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சி 52 நாடுகளில் நடந்தது. மாரடைப்பு முதன்முதலாக எந்த வயதில் வருகிறது என்று பார்த்தார்கள். மற்ற நாட்டாருக்குச் சராசரியாக 59-ஐ ஒட்டி வருவது, இந்தியா முதலிய தெற்காசிய நாடுகளில் 53 வயதிலேயே வந்துவிடுகிறது.

ஆறு ஆண்டு வித்தியாசம்! மகளுக்குக் கல்யாணம், மகனுக்குப் படிப்பு என்று குடும்பம் நம்பி இருக்கும் ஆறு ஆண்டுகள் அவை.

அதே ஆராய்ச்சி ஆறுதலும் சொல்கிறது. புகையிலை, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, தொந்தி, மன வேதனை, காய் கனி உண்ணாமை, உடல் உழைப்பின்மை முதலியவையே பெரும்பாலான மாரடைப்புகளுக்குக் காரணம். இவற்றில் பெரும்பாலானவற்றை மனிதன் மாற்றிக் கொள்ளலாம்; மற்றவற்றைக் கட்டுப்படுத்தலாம்.

ஊரே பள்ளிக்கூடம்

புதுவைக் கிராமங்களுக்கு ஆராய்ச்சி புதிதல்ல.

1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் வழியில் வந்ததே இன்றைய ஜிப்மர். வில்லியனூர் வட்டாரத்தில் உள்ள ராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராம சுகாதார நிலையம் இருக்கிறது. டாக்டருக்குப் படிப்பவர்கள் அங்கே வந்து கிராமத்தைப் படிக்கிறார்கள். யாருக்கு ரத்தக் கொதிப்பு? எத்தனை பேர் மருந்து சாப்பிடுகிறார்கள்? எத்தனை பேர் பாதியில் நிறுத்திவிட்டார்கள்? இவை போன்ற கேள்விகளோடு வீட்டுப் படி ஏறுகிறார்கள்.

1975-ல் புதுச்சேரியில் கொசு ஒழிப்பு ஆராய்ச்சி மையம் ஏற்பட்டது. யானைக்கால் வியாதியைப் பரப்பும் கொசு சாக்கடைத் தண்ணீரில் வளர்கிறது. அந்த வியாதியின் குட்டிப் புழுக்கள் பெரும்பாலும் ராத்திரியில்தான் ரத்த ஓட்டத்தில் தலைகாட்டும். ஆகவே ராத்திரியில் ரத்தம் எடுக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பி, "விரலை நீட்டுங்கள்" என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனாலும் ஜனங்கள் நீட்டினார்கள். அந்த ஒத்துழைப்பு இல்லாமல் இந்த வியாதியை ஆராயவே முடியாது.

வில்லியனூர் காட்டிய வழி

1998-ம் ஆண்டு ஜனவரியில் வில்லியனூரில் வேறொரு முயற்சி தொடங்கிற்று. விவசாய விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதனின் ஆராய்ச்சி நிறுவனம் அதை நடத்தியது. கனடா நாட்டு ஆராய்ச்சி அமைப்பு ஒன்று பண உதவி செய்தது.

கிராமங்களில் கம்ப்யூட்டர் வைப்பது திட்டம். ஆனால் கம்ப்யூட்டரை முதலில் கொண்டு வரவில்லை. "உங்களுக்கு எந்த விவரம் தேவை?" என்று ஜனங்களை முதலில் கேட்டார்கள்.

ஜனங்கள் சொன்னார்கள். நெல் என்ன விலை போகிறது? உரம் எங்கே கிடைக்கும்? சர்க்கார் உதவிக்கு எப்படி மனுப் போடுவது? கடலில் இன்று அலை எப்படி?

வில்லியனூர் தலைமை நிலையம் ஆயிற்று. டெலிபோன் வசதி போதாத ஊர்களுக்குக் கம்பியில்லாச் செய்தி முறை உதவியது. மின்சாரம் நின்றால் சூரிய ஒளி உதவியது. எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் நிலையங்கள் ஏற்பட்டன. உள்ளூர்ப் பெண்கள் பலர் அவற்றை நடத்தினார்கள். எந்தச் சாதியாரும் உள்ளே வரலாம் என்பது நிபந்தனை.

வில்லியனூரில் நடந்த மிகப் பெரிய வேலை எது தெரியுமா? மொழிபெயர்ப்பு! ஆங்கிலத்தில் வந்த விவரத்தைத் தமிழாக்கி ஊர்களுக்கு அனுப்பினார்கள். அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயரக் கணக்கு, தமிழ்ப் பேச்சாகி, வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியில் ஒலித்தது. எழுதப் படிக்கத் தெரியாத மீனவரும் அதைக் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்தார்.

நல்லவாடு பிழைத்தது!

அதன் அருமை 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி தெரிந்தது.

அன்று சுனாமி. நல்லவாடு மீனவக் கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். பூகம்பச் செய்தியை அங்கே அறிந்தார். வீட்டுக்குப் போன் செய்தார். "கடல் பொங்கும், ஓடிவிடுங்கள்" என்ற எச்சரிக்கை வந்தது.

ஒரு வீட்டுக்கு வந்த செய்தி ஊருக்கு எப்படிப் போவது? நல்லவாட்டிலும் அந்தத் திட்டத்தின் நிலையம் இருந்தது. ஒலிபெருக்கி இருந்தது. அதில் அறிவித்தார்கள். ஊர் ஓடியது.

சுமார் 3,600 பேர் வாழ்ந்த கிராமம். ஓர் உயிர்கூடப் போகவில்லை!

காப்பாற்றியது கம்ப்யூட்டர் மட்டும் அல்ல. செய்தியை ஊர் முழுவதும், ஊருக்குப் புரியும் மொழியில், உடனே சொல்லக் கருவியும் பழக்கமும் இருந்தன. அவைதான் காப்பாற்றின.

பாகூர்ச் செப்பேடு

இந்தப் பாடம் பாகூருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரியும்.

ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ அரசன் நிருபதுங்கவர்மனின் எட்டாவது ஆட்சி ஆண்டில் ஒரு தானம் செய்யப்பட்டது. வாகூர் என்று அந்நாளில் வழங்கிய பாகூரில் ஒரு கல்விச்சாலை இருந்தது. அங்கே இருந்த அறிஞர்களின் பராமரிப்புக்காக மூன்று ஊர்கள் கொடுக்கப்பட்டன. செப்பேட்டில் எழுதி வைத்தார்கள்.

செப்பேட்டில் இரண்டு மொழிகள் உண்டு. அரச பரம்பரையின் புகழ் சமஸ்கிருதத்தில் இருக்கிறது. எந்த ஊர், எது எல்லை என்ற விவரம் தமிழில் இருக்கிறது. அந்த ஊர்களின் நாட்டார் அறிய வேண்டியது தமிழில்தானே இருக்க வேண்டும்?

அன்றும் கல்விக்குச் சோறு போட்டது கிராமம்தான். இன்றும் அப்படியே. ஆராய்ச்சிக்குச் செலவாகும் சர்க்கார் பணம் ஜனங்களின் வரிப்பணம். ஆராய்ச்சிக்கு வேண்டிய ரத்தமும் விவரமும் ஜனங்கள் கொடுப்பவை.

வேல்ஸ் நாட்டு டாக்டர்

"படிக்காத ஜனங்களிடம் ஆராய்ச்சி முடிவைச் சொல்லி என்ன பயன்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு டாக்டர் பதில் சொன்னார்.

அவர் பெயர் ஜூலியன் டியூடர் ஹார்ட். பிரிட்டனில் வேல்ஸ் நாட்டில் கிளிங்கோரக் என்ற ஏழைச் சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் 1960-களில் அவர் வைத்தியம் தொடங்கினார். வியாதி என்று வந்தவர்களை மட்டும் அவர் பார்க்கவில்லை. வராதவர்களையும் தேடிச் சென்று ரத்த அழுத்தம் பார்த்தார். முடிவை அவரவரிடம் சொன்னார். விடாமல் மருந்து கொடுத்தார். ஆராய்ச்சியும் வைத்தியமும் ஒன்றாக நடந்தன.

25 ஆண்டுகளுக்குப் பின் கணக்குப் பார்த்தார்கள். 65 வயதுக்குள் இறப்பவர் விகிதம், பக்கத்துக் கிராமத்தைவிட அங்கே கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது!

ரத்தக் கொதிப்பைப் பற்றி டாக்டர்கள் 'பாதிப் பாதி விதி' என்று ஒன்று சொல்வார்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பாதிப் பேர்தான் மருந்து சாப்பிடுகிறார்கள். சாப்பிடுபவர்களில் பாதிப் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருக்கிறது. 100 பேரில் தப்புபவர் 12 பேர்!

மீதி 88 பேரைக் காப்பாற்றப் புது மருந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தெரிந்த உண்மையை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனாலே போதும்.

ஆராய்ச்சிக்காரர் வந்தால்...

வீட்டுக்கு ஆராய்ச்சிக்காரர் வந்தால் விரட்ட வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தும் போட வேண்டாம். 2017-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட நெறிமுறை ஜனங்களுக்குப் பல உரிமைகளைத் தருகிறது.

எதற்காக ஆராய்ச்சி, என்ன செய்வார்கள், என்ன தொந்தரவு வரலாம் என்பதை உங்கள் மொழியில் விளக்க வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவரானால், நடுநிலையான சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். விளக்கிய பிறகே கைநாட்டு.

"எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லலாம். ஒப்புக்கொண்ட பின்பும் பாதியில் விலகலாம். அதற்காக ஆஸ்பத்திரியில் வழக்கமான வைத்தியத்தை மறுக்கக்கூடாது.

குழந்தைகளை ஆராய்ச்சியில் சேர்க்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். விவரம் தெரிந்த பிள்ளையானால் அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும்.

ஆராய்ச்சியால் உடம்புக்குத் தீங்கு வந்தால் இலவச வைத்தியமும் நஷ்ட ஈடும் கேட்கலாம்.

இவற்றோடு மறவாமல் ஒன்று கேளுங்கள்: "முடிவை எங்களுக்கு எப்போது சொல்வீர்கள்?"

குடும்பம் செய்ய வேண்டியது

பதில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தெரிந்த உண்மைகளே நிறைய இருக்கின்றன.

முப்பது வயது தாண்டியவர்கள் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக் கொள்ள வேண்டும். கொதிப்புக்கு வலி கிடையாது. வலி வரட்டும் என்று காத்திருப்பது ஆபத்து.

உப்பு ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு சிறு தேக்கரண்டி அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்பு எல்லாம் இதில் அடக்கம்.

இந்தியர் உண்ணும் உணவின் சக்தியில் 62 சதவீதம் அரிசி, கோதுமை, சர்க்கரை போன்ற மாவுப் பொருளிலிருந்தே வருகிறது என்று 2025-ல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது. பாகூர் நெற்களஞ்சியம். அங்கே சோற்றை விடு என்றால் யார் கேட்பார்கள்? விட வேண்டாம். ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, ஒரு கரண்டி பருப்போ சுண்டலோ கூட்டினால் போதும்.

புகையிலையையும் மதுவையும் விட்டுவிட வேண்டும். டாக்டர் சொல்லாமல் மருந்தை நிறுத்தக் கூடாது.

கடன் தீர வேண்டும்

சர்க்கார் செய்ய வேண்டியதும் உண்டு. ஒரு கிராமத்தில் ஆராய்ச்சி நடந்தால், அதன் முடிவைத் தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதி, கொம்யூன் பஞ்சாயத்திலும் பள்ளிக்கூடத்திலும் சுகாதார நிலையத்திலும் ஒட்ட வேண்டும் என்று விதி செய்யலாம். கிராமக் கூட்டத்தில் படித்துக் காட்டச் சொல்லலாம். செலவு அதிகம் ஆகாது.

புதுவையில் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஜிப்மர் இருக்கிறது, 1955-ல் தோன்றிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இவ்வளவு சிறிய பிரதேசத்தில் இத்தனை ஆராய்ச்சிக் கூடங்கள் இருப்பது அதிர்ஷ்டமே! அந்த விளக்குகளின் வெளிச்சம் அடியில் இருக்கும் கிராமத்துக்கும் வர வேண்டாமா?

ஒலிபெருக்கியில் சொன்ன ஒரு சேதி நல்லவாட்டைக் காப்பாற்றியது. "நாலில் ஒருவருக்குச் சர்க்கரை" என்பதும் அப்படிப்பட்ட சேதிதான். இந்த அலை மெதுவாக வருகிறது. ஓசை இல்லாமல் வருகிறது. அவ்வளவே வித்தியாசம்.

அதை ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். தமிழில் சொல்ல வேண்டும்!