பொன்னாடை வேண்டாம், பெயர்ப்பட்டியல் வேண்டும்

இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரை யாரோ தூண்டிவிடுகிறார்களாம். நட்டஈட்டைக் கொடுத்து, மகளிர் தினத்தில் பொன்னாடை போர்த்தி அனுப்பினால் போதுமாம். ஆத்திரம் வருகிறது. 2017இல் திருகோணமலையில் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்? மகனின் பிளாஸ்டிக் உறையிட்ட படம், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, ஆணைக்குழுக் கடிதங்கள், எல்லாம் ஒரே பையில். எந்தச் சட்டத்தரணியும் இவ்வளவு கவனமாகக் கோப்பு வைத்திருக்கமாட்டார். திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் இரகசியத் தடுப்பறைகள் இருந்ததை 2015 நவம்பரில் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழு நேரில் கண்டது. அங்கே யாரை அடைத்தீர்கள் என்று கேட்பது அரசியல்தான். தமிழன் என்பதற்காகவே பிள்ளை சந்தேகிக்கப்பட்ட நாட்டில் ஒரு தாய் வேறு எதைக் கேட்பாள்? கௌரவிக்க விரும்புகிறவர்கள் அங்கே அடைக்கப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியலைக் கேட்டு அந்தத் தாய்மார் பக்கத்தில் வந்து உட்காரட்டும்.