சீசனுக்காக மட்டும் பெரிய வீடா? வயதான காலத்தில் வீட்டைக் குறைக்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

தென்காசி, குற்றாலம் பக்கம் பல வீடுகளின் பரணில் பித்தளை அண்டாவும் பாய், தலையணையும் குவிந்திருக்கும். எதுக்கு இவ்வளவுன்னு கேட்டால், "சீசனுக்குப் பிள்ளைங்க வருவாங்கல்லா" என்பார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் சீசன். மீதி மாதங்களில் அத்தனை அறைகளையும் பெருக்கித் துடைப்பது அந்த வயதான இருவர்தான்.

எதை முதலில் குறைக்கலாம்?

நடக்கிற வழியில் காலை இடறும் சாமான்களை முதலில் அகற்றலாம். அடுத்து, பரணில் ஏறி எடுக்க வேண்டியவை. அண்டாவைக் கொடுத்துவிட்டாலும் தேவைப்பட்டால் வாடகைக்கு எடுத்துக்கலாம். வீடு அப்படியில்லை.

வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கலாமா?

அவசரம் வேண்டாம். உயில் எழுதினால், உயிரோடு இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம். தான செட்டில்மென்ட் அப்படியல்ல, பதிவானதும் சொத்து கைமாறிவிடும். எழுதித்தான் ஆகணும் என்றால், 'கடைசிவரை கவனித்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்ப்பது பாதுகாப்பு.

நிபந்தனையை மீறினால்?

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23-வது பிரிவின்படி, அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் 60 வயது கடந்தவர்கள் மனு கொடுக்கலாம். தென்காசி மாவட்டத்தில் தென்காசி, சங்கரன்கோவில் என இரண்டு வருவாய்க் கோட்டங்கள் உள்ளன. சொத்தைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் நிபந்தனை இருந்ததா என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

உதவிக்கு மூத்த குடிமக்கள் உதவி எண் 14567-ஐ அழைக்கலாம். பரணை இன்றே ஒழிக்கலாம். பத்திரத்தை மட்டும் நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்து போடுங்க.