கொள்ளும் அளவும் ஏற்றும் அளவும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

ஒகேனக்கல்லில் என் அப்பா பரிசல் ஓட்டுகிறார். எட்டுப் பேரைத் தாங்கும் பரிசலில் நாலு பேருக்கு மேல் ஏற்றமாட்டார். "கொள்ளுற அளவு வேற, ஏத்துற அளவு வேற" என்பார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். ஆயினும் அந்தப் பாடத்தை ஒரு வால்வைக் கொன்ற பிறகே கற்றேன்.

வெள்ளத்தால் பரிசலுக்குத் தடை இருந்த வாரம் அது. வீட்டில் வருமானம் இல்லை. படிப்புக்கு என்றதும் அப்பா பணம் தந்தார். பழைய ஈ.எல்.84 வால்வு ஒன்று வாங்கி, நேர் இணைப்பு ஆம்பிளிஃபயர் ஒன்று செய்தேன். அமெரிக்காவில் 1930-ஐ ஒட்டி லாஃப்டின், வொயிட் என்ற இருவர் புகழ்பெறச் செய்த முறை அது. வழக்கமாக ஒரு வால்வின் பிளேட்டுக்கும் அடுத்த வால்வின் கிரிட்டுக்கும் நடுவே ஒரு மின்தேக்கி காவல் நிற்கும். ஒலியை விடும், நேர் மின்னழுத்தத்தைத் தடுக்கும். நேர் இணைப்பில் அந்தக் காவல் இல்லை.

எனவே முதல் வால்வின் பிளேட்டில் 100 வோல்ட் என்றால், இரண்டாவதன் கிரிட்டிலும் 100 வோல்ட். கிரிட்டைவிடக் கத்தோட் 7.3 வோல்ட் உயர்ந்திருக்க வேண்டும். ஆகவே அது 107.3 வோல்ட்டில் நிற்கும். அதற்கு மேல் பிளேட்டுக்கு 250 வோல்ட் வேண்டும். ஆக மொத்தம் 357 வோல்ட். இதுவரை கணக்கு சரி. ஆனால் இந்த வால்வில் ஹீட்டருக்கும் கத்தோடுக்கும் இடையே 100 வோல்ட்டுக்கு மேல் கூடாது. நானோ ஹீட்டரை எர்த்தில் கட்டியிருந்தேன்!

இரவில் எங்கள் ஊரில் 230 வோல்ட் 250 ஆகும். அப்போது 357 வோல்ட் 388 ஆகும், ஹீட்டரின் 6.3 வோல்ட் 6.85 ஆகும். சூடு மிஞ்சினால் கத்தோட் பூச்சிலுள்ள பேரியம் விரைவில் ஆவியாகும். குறைந்தாலும் பூச்சுக்குக் கேடுதான். மேலும், 250 வோல்ட்டில் 48 மில்லிஆம்பியர் என்றால் 12 வாட். அதுவே அந்தப் பிளேட்டின் உச்ச வரம்பு. பத்தாம் நாள் இரவு வால்வு போயிற்று.

"போலி வால்வு" என்றார்கள் நண்பர்கள். நானும் அப்படித்தான் சொல்லித் தப்பினேன். உண்மையில் போலி என் கணக்கு. அட்டவணையில் இருந்த உச்ச வரம்பை, ஓட்ட வேண்டிய அளவு என்று கொண்டேன். இப்போது ஹீட்டருக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, அதைக் கத்தோடின் உயரத்துக்கே ஏற்றியிருக்கிறேன். 40 மில்லிஆம்பியர், 10 வாட். ஒலி சற்றுக் குறைவு. வால்வு உயிரோடு இருக்கிறது.

வால்வுக் காலம் போயிற்றே, இது எதற்கு என்பீர்கள். டிரான்சிஸ்டருக்கும் வரம்பு உண்டு. நேர் இணைப்பு இன்றும் உண்டு. ஒன்றில் அழுத்தம் பிசகினால் அடுத்ததும் பிசகும். அளவு மிஞ்சினால் வால்வின் பிளேட் சிவந்து எச்சரிக்கும். டிரான்சிஸ்டர் அதுவும் செய்யாது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் ரெக்கார்டு நோட்டில் புத்தக விடையோடு ஒத்துப்போகும் எண்களுக்கே இடம் இருக்கிறது. வரம்பு எவ்வளவு, அளந்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என மூன்று கட்டங்கள் சேருங்கள். கெட்டுப்போன சோதனைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். என்னைப் போன்றோர் கருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வீட்டில் யாரோ துடுப்புப் போட்டிருக்கிறார்கள்.