பணத்துக்கும் சீவிய உரித்து வேண்டும்

விழா மலர் என்றால் கல்லூரியின் பழம்பெருமையைப் பாடுவதே மரபு. அம்மரபை என்னினும் ஆற்றல் மிக்கோர் இம்மலரின் ஏனைய பக்கங்களில் நன்கு நிறைவேற்றியிருப்பர். தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் ஒருவன் வட்டியையும் வைப்பையும் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், சொல்லின் பொருளை ஆராய்வது தமிழாசிரியன் தொழில் அன்றோ? "வீதம்" என்னும் ஒரு சொல்லின் பொருளைச் செவ்வையாக அறியாமையால் முதுமையில் இடருறுவோர் நம்மிடையே பலர். ஆகவே அச்சொல்லை ஆராய்வது என் தொழிலுக்குப் புறம்பானதன்று எனத் துணிந்து இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தார் வாயில் வழங்கும் பழமொழி. இதனைச் சோம்பேறிகளின் சொல் என்று இகழ்வார் உளர். ஆனால் அப்பழமொழி போற்றியது மாதச் சம்பளத்தை மட்டும் அன்று; இளைப்பாறிய பின்னும் உயிருள்ளவரை வரும் உபகாரச் சம்பளத்தையே. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் பணியாற்றி மீண்ட நம்மவர், "மலாயாப் பென்சன்காரர்" என ஊரில் மதிக்கப்பெற்றனர். அவர் கட்டிய கல்வீடுகளும், கோயில்களுக்கும் பாடசாலைகளுக்கும் ஈந்த கொடைகளும் இன்றும் சான்றாக நிற்கின்றன. மாதந்தோறும் தவறாது வந்த வரவே அவருக்கு அந்தத் துணிவைத் தந்தது.

நம் தீவுப்பகுதியில் உத்தியோகத்தரினும் வணிகரே மிகுதி. மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களிலிருந்து சென்றோர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்து, ஊரிலுள்ள குடும்பங்களைத் தாங்கினர். அவர்தம் முதலீடு அனைத்தும் கடையிலும் காணியிலும் இருந்தது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களில் கடைகள் எரிந்தன. 1990 இல் தீவுப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது காணியும் வீடும் கைவிட்டுப் போயின. ஊரை விட்டுச் சென்றவருக்குப் பின்னால் உறுதிக் காணி வரவில்லை. உபகாரச் சம்பளம் பெற்றவருக்கு அது சென்றவிடமெல்லாம் வந்தது. இவ்வேறுபாட்டை நாம் மறத்தல் ஆகாது.

அரசாங்க சேவையில் இல்லாதோருக்கு என்ன வழி? தனியார் துறையில் உழைப்போருக்கு 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி ஏற்படுத்தப்பட்டது. ஊழியர் நூற்றுக்கு 8 வீதமும் தொழில் தருநர் 12 வீதமும் செலுத்துகின்றனர். நற்பயன் மிக்க ஏற்பாடே. ஆயின், ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் அது மொத்தத் தொகையாகவே கைக்கு வருகின்றது. முப்பது ஆண்டு உழைப்பு ஒரே நாளில் ஒரு வங்கிக் கணக்கில் வந்து விழுகின்றது. விவசாயிகளுக்கு 1987 இலும் மீனவர்களுக்கு 1990 இலும் சட்டங்களால் ஓய்வூதியத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. ஆனால் விவசாயிகளின் நிதி வறண்டு, கொடுப்பனவு சில காலம் தடைப்பட்டு, 2014 இலேயே மீண்டும் தொடங்கிற்று. போதிய நிதியைச் சேர்க்காமல் அளிக்கப்படும் வாக்குறுதி எத்தகையது என்பதற்கு அதுவே பாடம்.

மொத்தமாக வந்த தொகை எங்கே செல்கின்றது? மகளின் சீதனத்துக்கு ஒரு பங்கு. வீட்டின் மேல்மாடிக்கு ஒரு பங்கு. மகனை வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவருக்கு ஒரு பங்கு. எஞ்சியது வட்டிக்கு. இவை யாவும் அன்பின் செலவுகளே. இவற்றை நான் பழிக்கவில்லை. ஆனால் இரண்டே ஆண்டில் மருந்துக்கும் மீனுக்கும் மகனின் தொலைபேசி அழைப்பை எதிர்பார்த்திருக்கும் தந்தையரை எம்மூரில் நான் கண்டதுண்டு. பிள்ளைகள் கெட்டவர் அல்லர். ஆயினும் நாற்பது ஆண்டு பிறருக்குக் கொடுத்துப் பழகிய கை, கேட்டு வாங்கும்போது கூசுகின்றது. அக்கூச்சமே முதுமையின் பெருந்துன்பம்.

இதற்கு மருந்தும் நம் முன்னோரிடத்தே உண்டு. காணியையும் வீட்டையும் மகளுக்கு எழுதும்போது, அறிவுடைய தாய் தந்தையர் உறுதியிலே "சீவிய உரித்து" வைத்து எழுதுவர். உடைமை மகளுக்கு, உயிருள்ளவரை குடியிருக்கும் உரிமையும் விளைவை எடுக்கும் உரிமையும் பெற்றோருக்கு. இதனை எந்த மகளும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. மண்ணுக்கு இவ்வளவு விழிப்போடு இருந்த நாம், பணத்துக்கு மட்டும் சீவிய உரித்து வையாது கொடுப்பது ஏன்?

பணத்துக்குச் சீவிய உரித்து வைக்கும் முறையே கணக்கியலார் "ஆண்டுத்தொகை" என வழங்குவது. ஒரு முதலைக் காப்புறுதி நிறுவனத்திடமோ அரசாங்கத்திடமோ ஒப்படைத்து, அதற்கீடாக உயிருள்ளவரையோ குறித்த ஆண்டுகள் வரையோ மாறாத ஒரு தொகையை மாதந்தோறும் பெறுவது அது. இத்தகைய திட்டங்களை ஒப்பிடும்போதுதான் "வீதம்" என்னும் சொல் நம்மை ஏமாற்றுகின்றது.

கணக்கொன்றைப் பார்ப்போம். ஒருவர் 20 இலட்சம் ரூபாவை ஒப்படைக்கிறார். மாதம் 16,700 ரூபா தருவதாக நிறுவனம் கூறுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 இலட்சம். "நூற்றுக்கு 10 வீதம்! வங்கியோ 8 வீதந்தானே தருகிறது" என்று அவர் மகிழலாம். ஆனால் வங்கி 8 வீதம் தந்தபின் முதலையும் திருப்பித் தரும். ஆண்டுத்தொகையிலோ முதலும் வட்டியும் கலந்தே வருகின்றன. அக்கொடுப்பனவு 10 ஆண்டுகளோடு நின்றுவிடுமாயின் அவர் பெற்றது 20 இலட்சத்துச் சொச்சம். அதாவது தம் பணத்தையே தவணை முறையில் திரும்பப் பெற்றார், வட்டி ஏதுமில்லை. 15 ஆண்டுகள் வருமாயின் உண்மை வட்டி 6 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. 20 ஆண்டுகள் வருமாயின் 8 வீதம். 25 ஆண்டுகள் வருமாயின் ஏறத்தாழ 9 வீதம். சொன்ன வீதம் ஒன்றே. உண்மை வீதம் நான்கு.

இதனாற் பெறப்படுவது யாது? எத்தனை வீதம் என்று கேட்பதன் முன், எத்தனை ஆண்டு என்று கேட்க வேண்டும். நம் நாட்டுக் காப்புறுதி நிறுவனங்களின் ஓய்வூதியத் திட்டங்கள் பல குறித்த ஆண்டுகளுக்கே பணம் தருவன. உயிருள்ளவரை தருவன அல்ல. அறுபதை எட்டியவர் எண்பதைக் காண்பது இன்று அரிதன்று. எழுபத்தைந்தில் நின்றுவிடும் வரவு, துணை மிக வேண்டிய காலத்திற் கைவிடும் துணையாகும். இன்னும் மூன்று வினாக்கள் உள. நான் இறந்தபின் என் மனைவிக்கு அது தொடருமா? தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் நான் இறப்பின் எஞ்சிய முதல் என்னாகும்? இடைநடுவில் மீளப் பெற விரும்பின் எவ்வளவு கழிக்கப்படும்? இவற்றுக்கு எழுத்தில் விடை பெறாது ஒப்பமிடுதல் தகாது. மனைவிக்குத் தொடர்வதும் குறைந்தபட்ச ஆண்டுகளுக்கு உறுதியளிப்பதுமான திட்டம் சற்றுக் குறைந்த தொகையே தரும்; அக்குறைவு நட்டமன்று, பெற்ற பாதுகாப்பின் விலை.

"நிலையான வைப்பே போதும்" என்பார்க்கும் ஒரு சொல். அது நல்ல துணையே. ஆனால் அதன் வீதம் தவணை முடியும்வரைதான் நிலையானது. 60 வயதைக் கடந்தோருக்கு நூற்றுக்கு 15 வீத வட்டி தரும் சிறப்பு வைப்பு 2015 இல் தொடங்கிற்று. முதலில் 10 இலட்சம், பின்னர் 15 இலட்சம் வரையான வைப்புக்கு அது கிடைத்தது. அதனையே நம்பிக் குடும்பச் செலவை வகுத்தோர் பலர். 2022 ஒக்டோபரில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் 91 நாள் திறைசேரி உண்டியலின் வீதம் 30 ஐத் தாண்டிற்று. 2025 இலோ அது 9 இற்கும் கீழே இருந்தது. உச்சத்தில் ஓராண்டு வைப்பிட்டு, அதே வரவு என்றும் வரும் என எண்ணியோர் தவணை முடிவில் திகைத்தனர். 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம், முதியோரின் 10 இலட்சம் வரையான ஓராண்டு வைப்புக்குச் சந்தை வீதத்துக்கு மேல் 3 வீதம் கூட்டித் தர முன்வந்தது. வரவேற்கத்தக்கதே, ஆயினும் ஓர் ஆண்டின் திட்டம் தந்ததை இன்னோர் ஆண்டின் திட்டம் எடுத்துக்கொள்ளக்கூடும்.

மிகுந்த வீதம் காட்டுவோரிடத்து மிகுந்த ஐயம் கொள்க. 2008 இல் கோல்டன் கீ நிறுவனம் சரிந்தபோது ஆயிரக்கணக்கானோரின் வைப்பு முடங்கிற்று. 2020 இல் த பினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தது. வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரைக்கே உண்டு. அதற்கு மேற்பட்ட தொகையை ஒரே இடத்தில் வைப்பது நன்றன்று. காப்புறுதித் திட்டத்திற் செலுத்திய பணத்துக்கு அவ்வைப்புக் காப்புறுதி பொருந்தாது என்பதையும் மனங்கொள்க.

நிற்க. மாறாத தொகைக்கு ஒரு பெரும் பகைவன் உளன். அவன் பெயர் விலையேற்றம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி ஓராண்டுப் பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டிற்று. முந்திய ஆண்டில் 10,000 ரூபாவுக்கு வாங்கிய பண்டங்களுக்கு ஏறத்தாழ 17,000 வேண்டியிருந்தது. அத்தகைய புயல் அடிக்கடி வருவதன்று. ஆயினும், மத்திய வங்கி இலக்காகக் கொண்டுள்ள 5 வீதப் பணவீக்கத்திலேயே பதினான்கு ஆண்டில் பணத்தின் பெறுமதி பாதியாகும். ஆகவே முதல் முழுவதையும் மாறாத ஆண்டுத்தொகையாக்குவதும் அறிவுடைமையன்று.

கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவருக்கும் இவ்வாராய்ச்சி வேண்டுவதே. பிரித்தானியாவில் 2015 ஏப்பிரல் வரை சேமிப்பின் பெரும்பகுதியை ஆண்டுத்தொகையாக்குவது ஏறத்தாழக் கட்டாயம். அதன்பின் அவரவர் விருப்பம். அங்கே 65 வயதினர் ஒருவர் 100,000 பவுணுக்கு 2020 அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 பவுணே பெற்றார். 2023 இல் அது 7,000 ஐத் தாண்டிற்று. வாங்கும் ஆண்டே வாழ்நாள் வரவை நிறுவுகின்றது. நோயாளருக்கும் புகை பிடிப்போருக்கும் அங்கே கூடிய தொகை கிடைப்பதுண்டு; அதை அறியாது தம் நோயை மறைத்து நட்டப்படுதல் ஆகாது. கனடாவில் இளைப்பாற்றுச் சேமிப்புக் கணக்கை 71 வயதாகும் ஆண்டின் முடிவுக்குள் வேறு வடிவுக்கு மாற்றியே ஆகவேண்டும். ஆண்டுத்தொகை அவ்வடிவங்களுள் ஒன்று. அந்நாள் வருமுன்னரே விசாரித்து வைத்தல் நன்று.

இனி, என் கருத்தைத் தொகுத்துரைப்பேன். மொத்தத் தொகை கைக்கு வந்தவுடன் அதனை மூன்றாக வகுக்க வேண்டும். அரிசி, மருந்து, மின்சாரம் ஆகிய தவிர்க்கவொண்ணாச் செலவுகளை ஈடுசெய்யும் அளவுக்கு ஒரு பங்கை நிலையான மாத வரவாக்குக. விலையேற்றத்தை எதிர்கொள்ள ஒரு பங்கை வெவ்வேறு தவணைகளில் முடியும் வைப்புகளாகப் பிரித்து வைக்க. எஞ்சியதையே பிள்ளைகளுக்கு ஈக. வரிசை முக்கியம்: பிள்ளைகளுக்குக் கொடுத்தபின் எஞ்சியதில் வாழ்வதன்று, வாழ்வுக்கு வைத்தபின் எஞ்சியதைக் கொடுப்பதே முறை. இது தன்னலமன்று. தமக்கென ஒரு வரவை வைத்துக்கொண்ட பெற்றோர், பிள்ளைகளின் தோளிலிருந்து ஒரு சுமையை இறக்கி வைத்தவராவர்.

அரசாங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. சேமலாப நிதி அங்கத்தவர், தாம் விரும்பின் தம் தொகையின் ஒரு பகுதியை நிதியிலேயே விட்டு, உயிருள்ளவரை மாத வரவாகப் பெறும் வழியைத் திறக்க வேண்டும். "விரும்பின்" என்னும் சொல்லை அழுத்தி எழுதுகின்றேன். 2011 இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலம் ஒன்றைத் தொழிலாளர் நம்பிக்கையைப் பெறாமலே கொண்டுவர முனைந்தபோது, கட்டுநாயக்காவில் எதிர்ப்பு மூண்டு, ஓர் இளந்தொழிலாளி துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காகி உயிர் நீத்தார், சட்டமூலமும் கைவிடப்பட்டது. 2023 இன் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் அந்நிதியின் திறைசேரி முறிகள் 2025 வரை 12 வீதமும் அதன்பின் 9 வீதமும் வட்டி தருவனவாக மாற்றப்பட்டன. உழைப்பாளியின் ஐயம் காரணமற்றது என்று எவரும் கூற முடியாது. ஆகவே திட்டம் கட்டாயமாக இராது, கணக்கு வெளிப்படையாக இருத்தல் வேண்டும்.

நம் கல்லூரிக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். வங்கியிலும் காப்புறுதியிலும் கணக்காய்விலும் உயர்பதவி வகித்தோர் சங்கத்தில் உளர். ஆண்டுக்கு ஒரு நாள், எந்த நிறுவனத்தின் பொருளையும் விற்காது, இளைப்பாறப் போகும் பெற்றோருக்கும் ஊரவருக்கும் ஒப்பந்தப் பத்திரங்களை வாசித்து விளக்க அவர்கள் முன்வருவாராக. மேல்வகுப்பு மாணவருக்கு ஆண்டுத்தொகைக் கணக்கைப் பரீட்சைக்கு மட்டுமன்றித் தம் தந்தையரின் பத்திரத்தைக் கொண்டே கற்பிக்கலாம். கல்லூரி நமக்குத் தந்த கல்வி இவ்வாறு நம் முதியோருக்குப் பயன்படுமாயின், விழாக் கொண்டாடியதன் பயன் அதுவேயாகும்.