வாசலில் தொங்கிய கிழங்கும் தரையில் விரித்த பாயும்

பருவமழை தொடங்கிய மறுநாள், நல்லேப்பிள்ளியிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குச் சித்தி ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்: "கொல்லையில சட்டை கழட்டிப் போட்டிருக்குது. அது வீட்டுப் பக்கம் வராம இருக்க என்ன பண்றது?" மாலைக்குள் இருபதுக்கும் மேற்பட்ட பதில்கள் வந்துவிட்டன. வெள்ளைப்பூண்டை அரைத்துக் கரைத்துத் தெளிக்கச் சொன்னார் ஒருவர். வேலியோரம் சிறியாநங்கை நடச் சொன்னார் இன்னொருவர். நாப்தலின் உருண்டை, கந்தகத்தூள், கார்பாலிக் அமிலம் எனப் பட்டியல் நீண்டது. வாசல் நிலையில் ஆகாச கருடன் கிழங்கைக் கட்டித் தொங்கவிட்டால் போதும் என்று மூத்தவர் ஒருவர் முடித்துவைத்தார். அத்தனை பதில்களிலும் 'எலி' என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. கட்டில், கொசுவலை, கைவிளக்கு ஆகியவையும் வரவில்லை.

அந்தக் குழுவில் உள்ள எல்லோருக்கும் எங்கள் பெரியம்மா எப்படி இறந்தார் என்பது தெரியும். ஆகவேதான் இதை விரிவாக எழுத நேர்ந்தது.

நான் உயிரியலோ மருத்துவமோ பயின்றவன் அல்லன். எல்லைப்புறத் தமிழரின் பேச்சுவழக்கை ஆய்பவன். ஆனால் பாம்பைப் பற்றி நம் மக்கள் பேசும் முறைக்கும் அவர்கள் பாம்பால் இறக்கும் முறைக்கும் தொடர்பு உண்டு என்பதைக் களப்பணியில் உணர்ந்திருக்கிறேன். அந்த அளவில் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என நினைக்கிறேன்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். சித்தூருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாயின் வயல்நாடு. பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த இப்பகுதி, மொழிவழி மாநிலப் பிரிவினைக்குப் பின் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் அடங்கியது. நெல்லும் தென்னையும் பனையும் சூழ்ந்த இவ்வூரில் பல வீடுகளின் கொல்லை முடியும் இடத்தில் வயல்வரப்பு தொடங்கிவிடும். வரப்பில் எலிவளை இருக்கும். வளையில் எலி இருக்கும்வரை பாம்பும் அங்கேயே இருக்கும். வயலில் நீர் ஏறும்போது இரண்டும் மேட்டுக்கு வருகின்றன. அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வரும்போது எலியும் நெல்லைத் தொடர்ந்து வருகிறது. பாம்பு எலியைத் தொடர்கிறது. நம் வீட்டுக்குள் வரும் பாம்புக்கு நம்மிடம் பகை எதுவும் இல்லை. அது நாம் அறியாமல் வளர்த்த எலியைத் தேடி வந்த விருந்தாளி.

இந்தச் சங்கிலியில் பூண்டுக் கரைசல் எந்தக் கண்ணியை அறுக்கிறது? பாம்புக்கு மோப்பம் உண்டு. நாக்கை நீட்டி நீட்டி அது மணத்தைத்தான் சேகரிக்கிறது. ஆனால் ஒரு மணத்தை உணர்வது வேறு, அதற்கு அஞ்சித் திரும்புவது வேறு. நாப்தலினும் கந்தகமும் சேர்ந்த விரட்டிகளை வெளிநாடுகளில் பாம்புகளை வைத்தே சோதித்தபோது அவை பயன் தரவில்லை. கார்பாலிக் அமிலமோ தோலைப் பொசுக்கும் நஞ்சு. கிணறும் கோழியும் தவழும் குழந்தையும் உள்ள முற்றத்தில் அதை ஊற்றுவது, வராத பாம்புக்காக வந்த நஞ்சை வரவேற்பதாகும்.

ஆகாச கருடனை நான் ஏளனம் செய்யவில்லை. மண்ணும் நீரும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கியபடியே துளிர்விடும் அந்தக் கிழங்கின்மேல் ஒரு சமூகம் தன் அச்சத்தை ஏற்றிவைத்ததில் வியப்பில்லை. என் வருத்தம் வேறு. கிழங்கைக் கட்டியதும் மனம் ஓய்ந்துவிடுகிறது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிறைவு வந்துவிடுகிறது. விறகுக் குவியலும் எலிவளையும் தரையில் விரித்த பாயும் அப்படியே இருக்கின்றன.

உண்மையில் பயன் தருபவை கவர்ச்சியற்ற வேலைகள். விறகையும் தென்னை மட்டையையும் சுவரை ஒட்டிக் குவிக்காமல், தரையிலிருந்து உயர்த்திய தட்டில் தள்ளி அடுக்குவது. நெல், தவிடு, கோழித்தீவனம் ஆகியவற்றை மூடியுள்ள கலங்களில் வைப்பது. சோற்று மிச்சத்தைக் கொல்லையில் கொட்டாதிருப்பது. எலிவளைகளையும் சுவர் இடுக்குகளையும் மதிலின் பொந்துகளையும் அடைப்பது. குளியலறை நீர்ப்போக்கிக்குக் கம்பிவலை இடுவது. கதவின் அடி இடைவெளியை மறைப்பது. வீட்டைச் சுற்றிப் புல்லைக் குட்டையாக வைப்பது. இருட்டில் விளக்கும் காலணியும் இல்லாமல் இறங்காதிருப்பது. இவை பாம்பை முற்றிலும் தடுக்கும் என்று எவரும் உறுதி தர முடியாது. ஆனால் பாம்புக்கு நம் முற்றத்தில் இரையும் இல்லை, இருப்பிடமும் இல்லை என்ற நிலையை இவை உண்டாக்கும்.

இனிப் பெரியம்மாவைப் பற்றி. ஆண்டு 2004. வீட்டில் இருந்தது ஒரே கட்டில்; அதில் பெரியப்பா படுப்பார். பெரியம்மா அடுக்களையை ஒட்டிய அறையில், நெல் மூட்டைகளுக்கு அருகில், தரையில் பாய் விரித்துப் படுப்பார். ஒரு நாள் விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று எழுந்தார். வாந்தி எடுத்தார். இரவு உண்டது சேரவில்லை என்று எண்ணி இஞ்சிச்சாறு கொடுத்தார்கள். பொழுது புலர்ந்தபோது அவர் இமைகள் தாமாகவே சரிந்தன, நாக்குக் குழறியது. உடலில் வீக்கமில்லை, கண்ணுக்குத் தெரியும் காயமில்லை. முதலில் கொண்டுசென்ற மருத்துவமனையில் நச்சுமுறி மருந்து இல்லை. இரண்டாவது இடத்துக்குப் போகும் வழியில் மூச்சு நின்றது. அன்று பிற்பகல் நெல் மூட்டையை நகர்த்தியபோது கட்டுவிரியன் கிடந்தது. வாசல் நிலையில் ஆகாச கருடன் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

பின்னாளில் படித்தபோதுதான் புரிந்தது: அது கட்டுவிரியன் கடியின் இலக்கணம் மாறாத வடிவம். அந்தப் பாம்பு இரவில் நடமாடும், தரையில் உறங்குபவரைக் கடிக்கும், கடி பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. அதன் நஞ்சு நரம்பைத் தாக்கும். அறிகுறி தெரியப் பல மணி நேரம்கூட ஆகலாம். இதற்கு எதிரான மிக எளிய கருவி, பாய்க்கு அடியில் ஓரத்தைச் செருகிய கொசுவலை. தென்கிழக்கு நேபாளத்தில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வு ஒன்று, வலைக்குள் உறங்குவது பாம்புக்கடியிலிருந்தும் காக்கிறது என்று காட்டியது. ஒரு கட்டிலும் ஒரு வலையும் இருந்திருந்தால் எங்கள் குடும்பத்தின் கதை வேறாக இருந்திருக்கும். வீட்டின் ஒரே கட்டில் யாருக்கு என்பது பாம்பியல் சார்ந்த கேள்வி அன்று; ஆயினும் அதற்கான விடையில் ஓர் உயிர் இருந்தது.

இங்கேதான் என் துறை குறுக்கிடுகிறது. தமிழில் 'விரியன்' என்று பொதுவாகச் சொல்கிறோம். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் ஓரினம்: கடித்த இடம் கடுத்து வீங்கும், குருதி உறையாமல் போகும். கட்டுவிரியனோ பெயரில் மட்டுமே விரியன். உறவில் நல்ல பாம்பின் பக்கம் நிற்பது. மலையாளத்தில் முன்னதை அணலி என்றும் பின்னதை வெள்ளிக்கெட்டன் அல்லது சங்குவரையன் என்றும் வேறுபடுத்திச் சொல்கிறார்கள். 'விரியன் கடித்தால் வீங்கும்' என்று அறிந்த தமிழ்க் குடும்பம், வீக்கம் இல்லாததைக் கண்டு நிம்மதியடைகிறது. கட்டுவிரியனுக்கு எட்டடி விரியன் என்றும் ஒரு பெயர் உண்டு. கடிபட்டவர் எட்டு அடி வைப்பதற்குள் விழுவார் என்பது அதற்குச் சொல்லும் விளக்கம். உண்மை நேர்மாறானது. எட்டு அடி அல்ல, எண்ணூறு அடி நடந்தும் ஒன்றும் ஆகாதவர் 'கடிக்கவில்லை போலும்' என்று திரும்பப் படுத்துவிடுகிறார். இதற்கு நடுவில், தீங்கற்ற அரணைக்கு 'அரணை கடித்தால் மரணம்' என்று இரு மொழிகளும் பழமொழி கட்டிவைத்திருக்கின்றன.

இருட்டிய பின் பாம்பு என்று சொல்லாமல் 'பூச்சி' என்பதும், சித்தியைப் போல் 'அது' என்பதும் நம் வழக்கம். 'பூச்சி கடித்துவிட்டது' என்று மருத்துவமனையில் சொன்னால் இளம் மருத்துவருக்கு, அதுவும் மலையாளம் மட்டும் அறிந்தவருக்கு, என்ன விளங்கும்? எங்கள் ஊர்ப்பக்கம் நான் பார்த்த எச்சரிக்கைச் சுவரொட்டிகள் மலையாளத்திலேயே இருந்தன. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் தொடர்புகொள்ள 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. அந்த உரிமை மனு எழுதுவதற்கு மட்டும்தானா? உயிர் காக்கும் நான்கு வரி அறிவிப்புக்கும் அது பொருந்த வேண்டாமா?

நான் சொல்ல வருவது இதுதான்: பாம்பை வீட்டிலிருந்து விலக்கி வைப்பதை ஒவ்வொரு வீட்டுக்காரரின் தனித் தந்திரமாகக் கருதும்வரை நாம் பூண்டையும் கிழங்கையுமே தேடிக்கொண்டிருப்போம். அது பொதுச் சுகாதாரப் பணி. மதிலைப் பூசவும், கட்டில் வாங்கவும், நெல்லுக்குத் தகரக் குதிர் செய்யவும் பணம் வேண்டும். என் கொல்லையை நான் துடைத்து வைத்தாலும், பக்கத்து வெற்றிடத்தில் முட்புதரும் தெருமுனையில் குப்பையும் இருந்தால் எலிக்கு என் வேலி ஒரு பொருட்டல்ல. ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாக வந்து நெகிழிக் கழிவை வாங்கிச் செல்கிறார்கள். எலியை வளர்க்கும் சோற்றுக் கழிவு பல வீடுகளில் கொல்லையிலேயே தங்கிவிடுகிறது. தொழிலுறப்புப் பணியில் கால்வாயோரப் புதரை வெட்டும் பெண்கள் பலர் ரப்பர் செருப்போடுதான் இறங்குகிறார்கள். ஊரின் முற்றத்தைத் துப்புரவாக்குபவருக்கு முழங்கால் உயரக் காலணி தராத ஊர், பாம்பைப் பற்றிக் கவலைப்படுவதாகச் சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.

2019 நவம்பர் 20 அன்று வயநாட்டுச் சுல்தான் பத்தேரியில் அரசுப் பள்ளி வகுப்பறைத் தரையின் பொந்தில் இருந்த பாம்பு கடித்து ஐந்தாம் வகுப்புச் சிறுமி இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அந்தப் பொந்தை அடைக்கச் சில கரண்டிச் சிமெண்டு போதுமாயிருந்தது. அது எவருடைய தனி முற்றமும் அன்று.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தனர் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. அவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் 15 வயதுக்கு உட்பட்டோர். இச்சாவுகளில் 70 விழுக்காடு எட்டு மாநிலங்களில் நிகழ்ந்தவை. கேரளம் அவற்றுள் இல்லை என்பது உண்மையே. மருத்துவமனை அருகில் இருப்பதன் பயன் அது. ஆனால் பெரியம்மாவுக்கும் மருத்துவமனை அருகில்தான் இருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030க்குள் சாவுகளைப் பாதியாக்கும் தேசியச் செயல்திட்டத்தை இந்திய அரசு 2024 மார்ச்சில் அறிவித்தது. இத்திட்டம் தில்லியிலிருந்து ஊராட்சி வரை இறங்கி வரவேண்டும்.

நச்சுமுறியை மட்டும் நம்பியிருக்கவும் இயலாது. 1978இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்துதான் நாட்டின் நச்சுமுறியில் பெரும்பகுதி உருவாகிறது. அது நான்கு பாம்புகளுக்கானது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மலையடிவாரத்தில் காணும், முழமூக்கன் என்று மலையாளத்தில் வழங்கும் குழிவிரியனின் நஞ்சை அது முறிக்காது. எனவே கடிபடாமல் இருப்பதே முதல் மருத்துவம்.

அடித்துக் கொன்றால் தீர்ந்தது என்பாரும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருபுறம் வைப்போம். நாம் கொல்பவற்றில் பல, நஞ்சற்ற சாரைகள். சாரை போனால் எலி பெருகும். எலி பெருகினால் அடுத்து வருவது சாரையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கேரள வனத்துறை 'சர்ப்பா' செயலி வழியாகப் பயிற்சி பெற்ற மீட்பாளர்களை அனுப்புவது நல்ல ஏற்பாடு. ஆனால் அவர்கள் கொண்டுபோவது பாம்பைத்தான். அதை அழைத்த எலி நம்மிடமே தங்கிவிடுகிறது.

எனவே ஊராட்சியிடம் நான் கேட்பவை சில. பருவமழைக்கு முன் பொது இடங்களின் புதரையும் குப்பையையும் அகற்றுங்கள். புதர் வெட்டும் பணியாளருக்குக் காலணியும் கையுறையும் கொடுங்கள். தரையில் உறங்கும் குடும்பங்களைக் கணக்கெடுத்துக் கட்டிலோ கொசுவலையோ வழங்குங்கள். நச்சுமுறி எந்த மருத்துவமனையில் எந்நேரமும் கிடைக்கும் என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒவ்வொரு அங்கன்வாடியிலும் நியாயவிலைக் கடையிலும் எழுதி வையுங்கள். கடிபட்டால் இறுகக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, ஓடாதே, நேரே மருத்துவமனைக்குப் போ என்பதையும் அதன் கீழே எழுதுங்கள். மாணவ நண்பர்கள் அந்த அறிவிப்பை எழுதித் தரலாம். பாம்புப் பெயர்களின் இருமொழிப் பட்டியலை நான் தருகிறேன்.

சித்திக்குக் குழுவில் நான் எழுதிய பதில் சிறியது. "கிழங்கு இருந்தா இருக்கட்டும் சித்தி. நெல்லு மூட்டையை அந்த ரூமிலிருந்து மாத்துங்க. எலிப்பொந்தை அடைங்க. ராத்திரி கீழ படுக்காதீங்க." சிறிது நேரம் கழித்து அவர் கேட்டார்: "கட்டில் ஒண்ணுதானே இருக்குது?"

இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே கேள்வி. இந்த வாரம் ஊருக்குப் போகிறேன். முதல் வேலை கட்டில் வாங்குவது; இரண்டாவது, ஊராட்சி அலுவலகத்துக்குத் தமிழில் ஒரு மனு.