இலத்திரனியல் சிகரட்: எந்த மொடல் இலாபம்?

துபாய்க்கும் சீனாவுக்கும் சாமான் எடுக்கப் போய் வரும் நம் வியாபாரிகள் சிலர் அண்மைக்காலமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "இந்த இலத்திரனியல் சிகரட்டில் எது நல்ல மொடல்? எதற்கு விலை படியும்?" என்னிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. என் ராத்தாவின் மகன் லண்டனில் ஒரு சிறு கடை வைத்திருக்கிறார். கடையில் புதிதாக எதை அடுக்குவதென்றாலும் தொலைபேசியில் என்னோடு கணக்குப் பார்ப்பது அவர் வழக்கம். அப்படித்தான் புகை பிடிக்காத நான் இந்தச் சாமானின் உள்விவகாரங்களைக் கற்றுக்கொண்டேன்.

மார்க்கத்தில் இது கூடுமா என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிகொட்டின் மனிதனை அடிமையாக்கும் என்பதில் அபிப்பிராய பேதமே இல்லை. இங்கே நான் பேச வந்தது கொள்வனவுக் கணக்கு.

சாமான் எளிமையானது. ஒரு பெற்றரி, ஒரு கம்பிச் சுருள், சுருளுக்குள் பஞ்சு, பஞ்சை நனைக்கும் திரவம். திரவத்தில் இருப்பது கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்கோலும் வாசனையும் நிகொட்டினும். 2003இல் ஹொன் லிக் என்ற சீன மருந்தாளர் உருவாக்கிய பொருள் இது. இன்று உலகச் சந்தைக்குப் போவதில் பெரும்பகுதி ஷென்சென் நகரத் தொழிற்சாலைகளில் செய்யப்படுகிறது. மொடல்கள் ஆயிரம் இருந்தாலும் வியாபாரிக்கு அவை மூன்றே வகைதான்: தீர்ந்ததும் எறிந்துவிடுவது, நிரப்பி வரும் குப்பியை மாற்றுவது, போத்தலில் திரவம் வாங்கி நாமே நிரப்புவது.

கருவியின் விலையைப் பார்த்து மொடலைத் தெரிவு செய்பவர் ஏமாறுகிறார். பிரிண்டரை மலிவாகக் கொடுத்து மையில் பணம் பிடுங்கும் வித்தையைப் புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. இதுவும் அதே வித்தைதான். பார்க்க வேண்டியது ஒரு மில்லிலீட்டர் திரவம் என்ன விலைக்கு விழுகிறது என்பதை.

பிரிட்டன் விலையிலேயே பார்ப்போம். அங்கே சட்டப்படி ஒரு கருவியில் 2 மில்லிலீட்டருக்கு மேல் திரவம் இருக்கக்கூடாது. எறிந்துவிடும் வகையான எல்ஃப் பார் 600, தடைக்கு முன்னர் ஏறக்குறைய 5 பவுணுக்கு விற்றது. அப்படியானால் மில்லிலீட்டர் இரண்டரைப் பவுண். நிரப்பிய குப்பிகள் இரண்டு கொண்ட பொதி சுமார் 6 பவுண். மில்லிலீட்டர் ஒன்றரைப் பவுண். 10 மில்லிலீட்டர் போத்தலோ சுமார் 4 பவுண். மில்லிலீட்டர் வெறும் 40 பென்ஸ். நாளொன்றுக்கு 2 மில்லிலீட்டர் இழுப்பவருக்கு மாதச் செலவு முதல் வகையில் 150 பவுண், இரண்டாவதில் 90, மூன்றாவதில் 24. மூன்றாவதுக்கு மாதம் மூன்று புதுக் குப்பிகள் மாற்றினால் இன்னும் 9 பவுண் சேரும். வேப்பரெஸ்ஸோ எக்ஸ்ரோஸ் 3, யூவெல் கலிபர்ன் ஜி2 போன்ற நிரப்பும் கருவிகள் 20, 25 பவுண் என்று பார்த்தவுடன் கை பின்வாங்குகிறது. ஆனால் அந்தப் பணம் ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்துவிடுகிறது.

அடுத்தது பெட்டியில் அச்சிட்ட "600 இழுப்பு" என்ற எண். ஒரு இழுப்பு எத்தனை விநாடி என்று யார் கேட்டார்கள்? இயந்திரத்தில் வைத்துக் குறுகிய இழுப்பாக எண்ணினால் 600 வரும். மனிதன் மூன்று விநாடி இழுத்தால் அதில் பாதியும் தேறாது. ஆகவே இழுப்பு எண்ணை நம்பி விலை பேசாதீர்கள். மில்லிலீட்டரையும் பெற்றரியின் அளவையும் பாருங்கள். எக்ஸ்ரோஸ் 3இல் 1000 மில்லி அம்பியர் மணி, கலிபர்ன் ஜி2இல் 750. முன்னது பின்னதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் நேரம் தாங்க வேண்டும். சுருளின் ஓம் குறைந்தால் புகை கூடும், பெற்றரியும் திரவமும் விரைவில் தீரும். அதனால் அதிகப் புகை தரும் மொடல்தான் நல்ல மொடல் என்ற பேச்சு வாங்குபவரின் பக்கத்துக் கணக்கல்ல. மில்லிலீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியவில்லை. 2023இல் எல்ஃப் பார் 600ஐச் சோதித்தபோது அனுமதித்த 2 மில்லிலீட்டருக்கு மேல் இருந்தது தெரியவந்து, பிரிட்டனின் பெரிய சுப்பர் மார்க்கட்டுகள் சில அதைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டன.

வாங்குபவருக்கு மிக மோசமான மொடல் எதுவோ, கடைக்காரருக்கு அதுதான் மிக நல்ல மொடல் என்பதைக் கவனித்தீர்களா? எறிந்துவிடும் வகையை வாங்குபவர் மறுநாளும் கடைக்கு வருவார். ராத்தாவின் மகனுக்கும் அதில்தான் ஆசை. கல்லா நிரம்புவது உண்மை. ஆனால் அந்தப் பளபளப்பு நிறமும் பழ வாசனையும் யாரை இழுக்கின்றன என்பது கடையில் நிற்பவனுக்குத் தெரியும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பது இங்கிலாந்தில் 2015 முதல் குற்றம். பிறகு 2025 ஜூன் 1இல் எறிந்துவிடும் வகையின் விற்பனையையே பிரிட்டன் நிறுத்தியது. முன்கூட்டியே ஸ்டொக்கைக் குறைத்தவர் தப்பினார். 10 மில்லிலீட்டர் திரவத்துக்கு 2.20 பவுண் வரியை 2026 ஒக்டோபர் 1 முதல் அறவிடுவதாகவும் அறிவித்தார்கள். மேலே நான் போட்ட 40 பென்ஸ் கணக்கை அந்த வரியே பாதிக்கு மேல் உயர்த்திவிடும்.

இந்தத் துறையில் சட்டம் ஒன்று மாறினால் முதல் எங்கே போகிறது என்பதற்குப் பெரிய உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 0.7 மில்லிலீட்டர் குப்பி நான்கை சுமார் 16 டொலருக்கு விற்ற ஜூல் கம்பனியின் 35 சதவீதத்தை, மார்ல்பரோ சிகரட் கம்பனியான அல்ட்ரியா 2018 டிசம்பரில் 12.8 பில்லியன் டொலருக்கு வாங்கியது. 2022 முடிவில் அதன் பெறுமதியை 250 மில்லியன் என்று கணக்கில் எழுதியது. 2023 மார்ச்சில் பங்குகளையே விட்டுக்கொடுத்தது. சட்டத்தரணிகளும் ஆய்வாளர்களும் சூழ இருந்த கம்பனிக்கே இந்தக் கதி.

இனி நம் நாட்டுக்கு வருவோம். புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2016இல் வெளியான ஒழுங்குவிதி, புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரட்டை உற்பத்தி செய்வதையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடை செய்தது. "எங்கள் சாமானில் புகையிலை இல்லை, திரவம் மட்டும்தான்" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். திரவத்தில் இருக்கும் நிகொட்டின் பெரும்பாலும் புகையிலையிலிருந்து எடுக்கப்படுவதுதானே! ஒரு சொல்லுக்கு எப்படிப் பொருள் கொள்வது என்ற வழக்கில் சட்டத்தரணிக்குக் கூலி கிடைக்கும், சாமான் கிடைக்காது. பக்கத்து இந்தியாவோ 2019இல் சட்டம் கொண்டுவந்து முழுவதையும் தடுத்துவிட்டது. சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். துபாயில் 2019இலிருந்து பகிரங்கமாக விற்கிறார்கள் என்பது உண்மைதான். அது துபாயின் சட்டம். கட்டுநாயக்காவில் அதைக் காட்ட முடியாது.

லண்டனில் இருப்பவருக்கு நிரப்பும் கருவியையும் போத்தலையும் மட்டும் வையுங்கள், வயதைக் கேட்டு விற்கும் ஆளைக் கல்லாவில் நிறுத்துங்கள் என்று சொன்னேன். இங்கே கேட்பவர்களுக்கு நான் எந்த மொடலின் பெயரையும் சொல்வதில்லை. அதே துபாய்க் கடைத்தெருவில் அதே பணத்துக்குத் தொலைபேசிச் சார்ஜரும் வயரும் கிடைக்கின்றன. அவற்றுக்குச் சுங்கத்தில் தீர்வை கட்டி ரசீது வாங்கலாம்.