இதுவும் ஜோதி தரிசனமா?

தானாகத் தோன்றும் ஜோதி என்றால் உடனே கன்னத்தில் போட்டுக்கொள்ளும் நமது மக்களுக்கு, உண்மையாகவே அப்படித் தோன்றும் ஒரு ஒளியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

ஜெர்மனியில் மார்பர்க் பல்கலைக்கழகத்தார், 2016-ம் வருஷத்தில், வெள்ளீயமும் கந்தகமும் கலந்த ஒரு பொருளைத் தூளாகச் செய்து, அதன்மேல் 980 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் கதிரைப் பாய்ச்சினார்கள். அக்கதிர் மனிதன் கண்ணுக்குத் தெரியாது. தூளோ குண்டு பல்பைப் போல் வெள்ளை ஒளி விட்டது. எண்ணெயில்லை, திரியில்லை. இத்தூள் முதலில் ஒரு புரோகிதன் கையில் கிடைத்திருந்தால் என்னவாகியிருக்கும்? ஒரு மண்டபமும், ஒரு ஸ்தல புராணமும், ஒரு உண்டியலும் ஆறே மாதத்தில் முளைத்திருக்காதா? மார்பர்க்காரர்களோ விவரங்களைப் பத்திரிகையில் அச்சிட்டு, எவரும் சோதிக்கும்படி விட்டுவிட்டார்கள்.

நிற்க, இதற்கு முன்பே, 1966-ல், பிரான்சு தேசத்து ஓசெல் என்பவர் வேறொரு வழியைக் காட்டினார். இட்டெர்பியம் என்னும் உலோகம் காணாக் கதிரை வாங்கிப் பக்கத்திலுள்ள எர்பியத்துக்கும் தூலியத்துக்கும் கொடுக்கிறது. இரண்டு ஐந்து ரூபாய் சேர்ந்து பத்து ரூபாயாவது போல், சிறு சக்திகள் இரண்டு மூன்று சேர்ந்து பெரிய சக்தியாக வெளிவருகின்றன. எர்பியம் பச்சையும் சிவப்பும் விடும். தூலியம் நீலம் விடும். தக்க அளவில் கலந்தால் வெள்ளை. வாங்கியதைவிடக் குறைவாகவே ஒளியாகத் திரும்புகிறது. கொடுத்ததைவிட அதிகமாய்த் தருவது நம்மூர்ச் சாமிகள்தான், அதுவும் புராணத்தில்!

வேறு சில தூள்கள் ஏன் வெள்ளையாய் ஒளிருகின்றன, சூட்டினாலா எலக்ட்ரானின் வேலையாலா என்று விஞ்ஞானிகளுக்குள்ளேயே வழக்கு நடக்கிறது. ஆனால் ஒருவரையொருவர் நாஸ்திகன் என்று வைததாக நாம் கேள்விப்படவில்லை.

இங்கேயோ? சபரிமலை மகரவிளக்கு மனிதர் ஏற்றுவதே என்று திருவாங்கூர் தேவஸ்வம் போர்டார் 2011-ல் கேரள ஹைகோர்ட்டில் ஒப்புக்கொள்ளுவதற்கு, அவ்வருஷம் ஜனவரியில் புல்மேட்டு நெரிசலில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சாகவேண்டியிருந்தது. செத்தவர்களில் தமிழர்கள் பலர். அந்த விளக்கை ஏற்றியவன் யாரென்று முன்னமே கேட்டவர்களைத்தானே மதத் துரோகிகள் என்றார்கள்?

தோழர்களே, காணாக் கதிர் உண்டா என்று சந்தேகப்படுங்கள். டி.வி. ரிமோட்டின் முனையைச் செல்போன் காமிராவுக்கு நேரே பிடித்துப் பட்டனை அழுத்துங்கள். பல போன்களில் வெறுங் கண்ணுக்குத் தெரியாதது திரையில் மினுக்கும். லேசரை மட்டும் விளையாட்டாகத் தொடாதீர்கள். அந்தக் கதிர் தெரியாததால் கண் இமைப்பதில்லை, பார்வை போய்விடும்.